நாற்காலியோடு மேல்முறையீட்டுக்குப் போன நாள்

எனக்கு எழுபத்தொன்பது வயது. பெற்றது நான்கு, வளர்த்தது ஆறு. மிச்சம் இரண்டும் என் தங்கை விட்டுவிட்டுப் போன பிள்ளைகள். ஆறு பேரையும் காப்பித் தோட்டத்துக் கூலியில்தான் ஆளாக்கினேன். ஒருத்தர் வாசலில் போய் நின்றதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

எழுத்து எனக்கு அரைகுறை. முன்னே எஸ்டேட்டில் கொஞ்ச காலம் சாயங்காலத்தில் ஒரு வாத்தியார் வந்து சொல்லிக் கொடுத்தார். என் பெயரை எழுதுவேன், பஸ் போர்டைப் படிப்பேன். நீளமாக எழுதக் கை ஓடாது. அதனால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். காலேஜில் படிக்கிறவள். என் பேச்சைப் பள்ளிக்கூடத் தமிழாக்கித்தான் எழுதுவேன் என்கிறாள். சரி, எழுதிக்கொள். மற்றவர்கள் பேசினதை மட்டும் பேசினபடியே எழுது என்று சொல்லியிருக்கிறேன். அதில் கைவைத்தால் ஆள் மாறிப்போகும்.

நான் இருப்பது ஒரு முதியோர் இல்லம். ஏற்காட்டிலிருந்து மஞ்சக்குட்டைக்குப் போகிற வழியில், சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில் ஒரு பழைய பங்களா. பெரியாஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு நர்ஸம்மா அதை வாடகைக்கு எடுத்து நடத்துகிறார். வெறும் சாப்பாடும் படுக்கையும் போடுகிற இடமில்லை இது. படுக்கையில் கிடப்பவர்களைப் புரட்டிப்போட்டு, குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்துக் கடைசிவரை பார்த்துக்கொள்கிற இடம். அதற்குத் தனி உரிமம் வேண்டும். சில வருஷத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிப்பதற்கு முன்னால் ஓர் ஆபீசர் வந்து பார்ப்பார். எப்போது வருவார் என்று சொல்ல மாட்டார்.

நான் இங்கே வந்தது யாரும் தள்ளிவிட்டு இல்லை. மழையில் வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்தது. பிளேட் வைத்தார்கள். அதற்கப்புறம் திருப்பூரில் மகன் வீட்டில் சில மாதம் இருந்தேன். மூன்றாவது மாடி. மருமகள்தான் என்னைக் குளிப்பாட்டுவாள். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஏதாவது முணுமுணுத்திருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசிவிட்டு இருந்திருப்பேன். பெற்ற மகன் வீட்டில், என் உடம்பை இன்னொருத்தி கழுவ, நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இங்கே அதையே சம்பளத்துக்கு ஒரு பெண் செய்கிறாள். அது வேறு. எப்படி வேறு என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. மலைக்குத் திரும்பி வந்த அன்றுதான் நான் நன்றாகத் தூங்கினேன்.

ஆபீசர் வந்தது மழை விட்ட ஒரு காலையில். ஜீப் சத்தம் கேட்டதும் மேஸ்திரி ஜன்னலுக்குப் போனார். இந்த மேஸ்திரி, நான் வேலை செய்த எஸ்டேட்டில் எங்களையெல்லாம் மேய்த்தவர். இப்போது ஆண்கள் அறையில் கிடக்கிறார். கைநடுக்கம். கஞ்சியை யாராவது ஊட்ட வேண்டும். குரல் மட்டும் அப்படியே இருக்கிறது.

"ஆபீசர் வர்றாருங்கோ! எந்திரிங்க, எல்லாரும் நேரா உக்காருங்க! குச்சியெல்லாம் உள்ள தள்ளுங்க!"

யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ஊன்றுகோல்களெல்லாம் கட்டிலுக்கடியில் போயின. என் வாக்கரை நானே திரைக்குப் பின்னால் தள்ளினேன். மாத்திரை டப்பாக்கள் தலையணைக்கடியில் போயின.

இது வெளியாருக்குப் புரியாது. எஸ்டேட்டில் காலையில் பேர் கூப்பிடுவார்கள். கணக்கு எழுதுகிற ரைட்டர் நோட்டும் பேனாவுமாக நிற்பார். உடம்பு எப்படி என்று அவர் கேட்டால் பதில் ஒன்றுதான்: நல்லா இருக்குதுங்க. காய்ச்சல் என்றால் அன்றைக்குப் பேர் விழாது, கூலியும் கிடையாது. அடிக்கடி சொன்னால் எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள் என்று ஒரு பயம். அப்படி யாரையாவது காலி செய்தார்களா என்று கேட்டால் எனக்கு ஒருவரும் ஞாபகத்துக்கு வரவில்லை. பயம் மட்டும் இருந்தது. பிள்ளை பெற்ற பச்சை உடம்போடு போய் நின்று, "நல்லா இருக்குதுங்க" என்று சொன்னவள் நான். எங்கள் இல்லத்தில் முக்கால்வாசிப் பேர் அப்படி நின்றவர்கள்தான்.

ஆபீசர் சின்ன வயசு. மரியாதையான பையன். நர்ஸம்மாவை வெளியே இருக்கச் சொன்னார். நடத்துகிறவர் பக்கத்தில் நின்றால் இருக்கிறவர்கள் மனம்விட்டுப் பேச மாட்டார்கள் என்று அப்படி ஒரு விதியாம். நல்ல விதிதான். ஸ்டூலை இழுத்து என் கட்டில் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். நோட்டைத் திறந்தார். பேனாவை எடுத்தார்.

"பாட்டி, சக்கரை, பிரஷர் ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"ஒண்ணுமில்லீங்க."

"மாத்திரை ஏதாச்சும் சாப்பிடறீங்களா?"

"இல்லீங்க. எதுக்குங்க?"

"குளிக்கறதுக்கு, பாத்ரூம் போறதுக்கு யாராச்சும் ஒதவி பண்றாங்களா?"

"நானே போயிக்குவனுங்க. கை காலு நல்லாத்தான் இருக்குது."

எழுதிக்கொண்டார். அடுத்த கட்டிலுக்குப் போனார். அங்கேயும் ஒண்ணுமில்லீங்க. அதற்கடுத்தும் ஒண்ணுமில்லீங்க. மேஸ்திரி எழுந்து நின்றே சொன்னாராம். ஜீப் கிளம்பிப் போனதும் எங்களுக்குள் ஒரே குஷி. பரீட்சையில் பாஸான மாதிரி ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டோம்.

கொஞ்ச நாள் கழித்து உத்தரவு வந்தது. நர்ஸம்மா சாப்பாட்டு அறையில் வைத்து எங்கள் எல்லோருக்கும் படித்துக் காட்டினார். எங்களைப் பற்றிய காகிதத்தை எங்களிடம் மறைத்து அவருக்குப் பழக்கமில்லை. உரிமத்தைப் புதுப்பிக்க முடியாது என்று இருந்தது. காரணமும் எழுதியிருந்தது. இன்னாருக்கு இன்ன மாத்திரை கொடுத்ததாக இல்லத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள், ஆனால் தங்கியிருப்பவர்களோ தங்களுக்கு நோயே இல்லை, மாத்திரையே சாப்பிடுவதில்லை என்கிறார்கள். ஆகவே இல்லத்தின் பதிவை நம்ப முடியாது. உதவிக்கு ஆள் வைத்திருப்பதாகச் சொல்கிறார்கள், ஆனால் யாரும் தங்களுக்கு உதவுவதில்லை என்று தங்கியிருப்பவர்களே சொல்கிறார்கள். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இல்லை.

நர்ஸம்மா காகிதத்தை மடித்தார். எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். எல்லோரும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஏனுங்கம்மா, மாத்திரையே சாப்பிடறதில்லைன்னா சொன்னீங்க?" என்று என்னைத்தான் கேட்டார்.

"ஆமாங்க" என்றேன்.

திட்டியிருக்கலாம். விடுவிடுவென்று அடுக்களைக்குள் போனார். அழுகிறாரோ என்று நினைத்தோம். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. சிரித்து முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, "சரி, மேல்முறையீடு போடலாமுங்க" என்றார். அந்தச் சிரிப்புக்கு நான் சாகும்வரை கடன்பட்டவள்.

எங்களில் ஒருத்தி தலைச்சோலைக்காரி, அது பக்கத்து மலைக் கிராமம். அவள் எஸ்டேட்டு ஆள் இல்லை. தலைமுறை தலைமுறையாக மலையில் சொந்தக் காட்டில் சாமையும் ராகியும் போட்ட குடும்பம். புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. ஆபீசர் வந்த சமயம் ஊர்த் திருவிழாவுக்கென்று தம்பி வீட்டுக்குப் போயிருந்தாள். திரும்பி வந்து சங்கதி கேட்டதும் எங்களைப் பிடித்துக்கொண்டாள்.

"எந்திரிச்சு நிக்க முடியாத கெழடுங்க அத்தனை பேரும் சேந்து பயில்வான் வேசம் போட்டீங்களாக்கும்? நானிருந்திருந்தா மொழங்கால்ல ஆரம்பிச்சு முதுகு வரைக்கும் சொல்லி, அந்தப் பையன் ஓடற வரைக்கும் உட்டிருக்க மாட்டேன்."

"உனக்கென்ன தெரியும், நீ பேரு குடுத்து நின்னவளா?" என்றேன்.

"எங்க காட்டுல எவன் பேரு கூப்பிட்டான்? முடியலீன்னா படுத்துக்குவோம். உங்களுக்குப் பேனாவக் கண்டாலே வியாதியெல்லாம் பறந்துருது. டாக்டருக்குப் பதிலா ஒரு ரைட்டர வெச்சிருந்தா இங்க யாருக்கும் மாத்திரையே வேண்டாம் புள்ள."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று சாயங்காலம் அவள் பேசாமல் படுத்திருந்ததைப் பார்த்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. எனக்காவது திருப்பூரில் மூன்றாவது மாடி இருக்கிறது. தம்பி வீட்டில் திருவிழாவுக்கு இருக்கலாம், ஆயுசுக்கும் இருக்க முடியாது. இல்லத்தை மூடினால் அவளுக்குப் போக ஒரு வீடு கிடையாது.

மேல்முறையீடு என்றால் என்னவென்று நர்ஸம்மா எங்களுக்குச் சொன்னதை அப்படியே சொல்கிறேன். கோர்ட்டு, கூண்டு என்று பயப்படுகிறவர்களுக்கு உதவும். உத்தரவு கைக்கு வந்தபின் ஒரு கெடு உண்டு. அதற்குள் மேலதிகாரிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். கெடு தாண்டினால் தாண்டினதுதான். முடிவு வரும்வரை இல்லத்தை மூடாமல் நடத்த அனுமதி வேண்டும் என்று சேர்த்துக் கேட்க வேண்டும், கேட்காமல் அது தானாக வராது. நம் முறையீட்டைக் கேட்கப்போகிறவர் முதல் உத்தரவைப் போட்டவராக இருக்க மாட்டார். வக்கீல் வைத்துக்கொள்ளலாம், வைக்காமலும் போகலாம். நாம் காட்டப்போகிற காகிதம் அவர்களுக்கும் போகும், அவர்களுடையது நமக்கும் வரும். அங்கே போய்த் திடீரென்று மடியிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது. முடிவினால் யாருடைய வாழ்க்கை மாறுமோ அவர்களும் வந்து பேசலாம்.

"யாரையும் நான் கட்டாயப்படுத்த மாட்டேனுங்க" என்றார் நர்ஸம்மா. "உங்க உடம்பப் பத்திச் சொல்லணும். இஷ்டப்பட்டவங்க வாங்க."

"நான் வர்றனுங்க!" என்று மேஸ்திரி கையைத் தூக்கினார். கை ஆடியது.

நான் வாய் திறக்கவில்லை. தலைச்சோலைக்காரி ராத்திரிச் சாப்பாட்டின்போது என் பக்கமாகத் தட்டை நகர்த்தி வைத்துக்கொண்டு சொன்னாள்.

"நீ போகோணும். அந்த மேஸ்திரிய நம்ப முடியாது. உம் பேச்சுக்கு ஒரு எடுப்பு இருக்குது."

"ஆம்பளைங்க இருப்பாங்க. என்னன்னு சொல்றது?"

"என்னைத் தூக்கிக் குளிப்பாட்டறாங்கன்னு சொல்லு. கொலையா பண்ணிப்போட்ட?"

போகிறேன் என்று சொன்னேன். போய் என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியாது.

சேலத்துக்கு ஜீப்பில் இறங்கினோம். நர்ஸம்மா முன்னால், நானும் மேஸ்திரியும் பின்னால். கொண்டை ஊசி வளைவுக்கு வளைவு நர்ஸம்மா திரும்பி மேஸ்திரியைக் கேட்டுக்கொண்டே வந்தார்.

"என்ன வியாதின்னு கேட்டா என்ன சொல்லணுமுங்க?"

"கைநடுக்கமுங்க. சக்கரைங்க."

"சோறு?"

"ஊட்டி உடறாங்க."

அடிவாரம் வருவதற்குள் நன்றாகப் பாடமாகிவிட்டது. எனக்கு யாரும் பாடம் சொல்லவில்லை. நர்ஸம்மா என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதுவும் ஒரு மரியாதை.

ஆபீஸ் மாடியில் இருந்தது. லிஃப்ட் அன்றைக்கு ஓடவில்லை. அங்கே வேலை பார்க்கிற ஒருவர் பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து கொடுத்தார். என்னை அதில் உட்காரவைத்து, ஜீப் டிரைவரும் அவருமாகத் தூக்கினார்கள். பாதிப் படியில் நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது. பின்னாலிருந்து ஒரு கை வந்து பிடித்தது.

"பயப்படாதீங்க பாட்டி, கைய உள்ள வெச்சுக்குங்க."

திரும்பிப் பார்த்தேன். அந்த ஆபீசர் பையன்! எங்களுக்கு எதிராகப் பேச வந்தவர். அவர் நாற்காலியின் ஒரு காலைப் பிடித்து, மேலே வரைக்கும் தூக்கிவந்து இறக்கிவைத்து, சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனார். எனக்கு முகம் சுட்டது. கை கால் நல்லாத்தான் இருக்குது என்று அவரிடம் சொன்னவள் நான்.

கூண்டு இல்லை. சாதாரண அறை, நீள மேசை, மின்விசிறி. கேட்கிற அதிகாரி ஒரு பெண்மணி, தலை நரைத்தவர். எங்களை முதலில் உட்காரச் சொன்னார். தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"இந்த உத்தரவ நான் போடலை. உங்க இல்லத்த நான் பார்த்ததும் இல்லை. முதல்ல மேல்முறையீடு போட்டவங்க பேசுவாங்க, அப்புறம் துறையிலிருந்து வந்தவர் பேசுவார். ஒருத்தரையொருத்தர் கேள்வி கேக்கலாம், ஆனா என் வழியா. இன்னைக்கே முடிவு சொல்ல மாட்டேன். காரணத்தோட எழுதி அனுப்புவேன்."

நர்ஸம்மா எழுந்து பேசினார். கைப்பிடி இல்லாதது உண்மை, அது என் தவறு, போட்டுவிடுகிறேன் என்று முதலிலேயே ஒத்துக்கொண்டார். டாக்டர் சீட்டு, மருந்துக்கடை ரசீதெல்லாம் காட்டினார். அந்த அம்மா ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார்.

"மருந்து வாங்கினீங்கன்னு இது காட்டுது. குடுத்தீங்கன்னு காட்டலையே" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. அவர் சொன்னது எனக்கே நியாயமாகப் பட்டது.

ஆபீசர் பையன் எழுந்தார். "அவங்க சொன்னதத்தான் எழுதினேன் மேடம். அங்க தங்கியிருக்கறவங்க வார்த்தையையே நம்பலைன்னா நான் வேற யார் வார்த்தைய நம்பறது?" என்றார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

"ஐயா, நீங்க சொல்லுங்க" என்று அந்த அம்மா மேஸ்திரியைப் பார்த்தார். பேனாவைத் திறந்து கையில் எடுத்தார். "உங்களுக்கு உடம்புக்கு என்ன?"

பேனாவைக் கண்டதும் மேஸ்திரி நாற்காலியை உதைத்துக்கொண்டு எழுந்து விறைத்து நின்றார்.

"ஒண்ணுமில்லீங்கம்மா! நல்லா இருக்கறனுங்க!"

நர்ஸம்மா கண்ணை மூடிக்கொண்டார். அத்தனை வளைவும் வீணாய்ப் போயிற்று.

"மாத்திரை சாப்பிடறதுண்டுங்களா?"

"அதெல்லாம் இல்லீங்க! எந்த வேலையும் செய்வனுங்க!"

"அன்னைக்கும் இப்படித்தான் மேடம் சொன்னார்" என்றார் ஆபீசர் பையன், மெதுவாக. அவருக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும்.

மேஸ்திரியை உட்காரவைத்தார்கள். தண்ணீர் டம்ளரை எடுத்தார், பாதி வேட்டியில் கொட்டியது. அந்த அம்மா அதைப் பார்த்தார். ஒன்றும் எழுதவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

எனக்கு வாய் வரைக்கும் "ஒண்ணுமில்லீங்க" வந்துவிட்டது. சத்தியமாக வந்துவிட்டது. விழுங்கினேன்.

"ஏனுங்கம்மா, நான் சொல்றனுங்க. ஆனா இவீங்க ஆம்பளைங்க கொஞ்சம் வெளிய இருந்தா நல்லாருக்கும்" என்றேன்.

அவர் யோசித்தார். "மத்தவங்கள அனுப்பறேன். ஆனா இவர் இருக்கணும்மா" என்று ஆபீசர் பையனைக் காட்டினார். "நீங்க எங்கிட்ட சொல்றது எதுவும் அவருக்குத் தெரியாம இருக்கக் கூடாது. அவரும் பதில் சொல்லணுமில்ல? அவர் சொன்னது அத்தனையும் நீங்க கேட்டீங்க. அதே நியாயம் அவருக்கும் வேணும்."

டிரைவரும் மேஸ்திரியும் ஆபீஸ் ஆளும் வெளியே போனார்கள். ஆபீசர் பையன் தன் நாற்காலியை ஜன்னல் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். காது இங்கே, முகம் அங்கே. யார் பெற்ற பிள்ளையோ. அந்த நாற்காலியைத் திருப்பியது எனக்கு எத்தனை பெரிய உபகாரம் என்று அவருக்குத் தெரியாது.

சொன்னேன். சக்கரை இருக்கிறது, பிரஷர் இருக்கிறது. காலையில் மூன்று மாத்திரை, ராத்திரி இரண்டு, நர்ஸம்மா கையில் கொடுத்து விழுங்குகிறவரை நிற்பார். இடுப்பில் பிளேட். பாத்ரூமுக்கு ஒரு பெண் அணைத்துக் கூட்டிப்போவாள். உட்காரவைப்பாள். முடிந்ததும் அவள்தான் கழுவிவிடுவாள். ராத்திரி சில நாள் தெரியாமல் போய்விடும், விடிகாலையில் யாருக்கும் தெரியாமல் துணி மாற்றிப் போடுவாள். பக்கத்துக் கட்டில்காரிக்குக்கூட இன்றைவரை தெரியாது. இதைச் சொல்லும்போது என் குரல் எனக்கே யாரோ பேசுகிற மாதிரி கேட்டது.

அந்த அம்மா குறுக்கே பேசாமல் கேட்டார். அப்புறம் பட்டென்று கேட்டார்:

"அன்னைக்கு ஒண்ணு சொன்னீங்க, இன்னைக்கு ஒண்ணு சொல்றீங்க. இல்லத்தக் காப்பாத்தறதுக்காகச் சொல்றீங்களோன்னு நான் நினைக்க மாட்டனா? ரெண்டுல எது நிஜம்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"அம்மா, பொய் சொல்றவ பெருமையா இருக்கறதத்தான் சொல்லுவா. இதச் சொல்லி எனக்கென்னங்க பெருமை?" என்றேன்.

"நீங்க ஏதாவது கேக்கணுமா?" என்று அந்த அம்மா ஆபீசரைக் கேட்டார்.

அவர் ஜன்னலைப் பார்த்தபடியே, "ஒண்ணே ஒண்ணு மேடம். பாட்டி, அன்னைக்கு ஏனுங்க எங்கிட்ட இதச் சொல்லலை?" என்றார்.

"உங்க கையில பேனா இருந்துச்சுங்களே சாமி."

அந்த அம்மா சிரித்துவிட்டார். பேர் கூப்பிடுகிற கதையைச் சொன்னேன். ரைட்டர், லைன் வீடு, பச்சை உடம்பு எல்லாம். மேஸ்திரி ஏன் எழுந்து நின்றார் என்பதும் அப்போதுதான் அவர்களுக்குப் புரிந்தது.

"அன்னைக்கு இவங்க நடக்கறதப் பார்த்தீங்களா?" என்று அந்த அம்மா ஆபீசரிடம் கேட்டார்.

"இல்ல மேடம். எல்லாரும் கட்டில்லயே உக்காந்திருந்தாங்க." நாற்காலியை எங்கள் பக்கம் திருப்பினார். "இன்னைக்குப் படியேறும்போது நாற்காலியோட ஒரு கால நான்தான் பிடிச்சேன். இவங்களால தனியா நிக்க முடியாது. அத நான் ஒத்துக்கறேன். ஆனா கைப்பிடி விஷயம் அப்படியேதான் இருக்கு, அத விட முடியாதுங்க."

அவர் அதைச் சொல்ல வேண்டிய கட்டாயம் ஒன்றும் இல்லை. யாரும் பார்த்து எழுதி வைக்கவில்லை. கைப்பிடியையும் விடவில்லை பாருங்கள், அதற்கும்தான் நான் நன்றி சொல்வேன். அது இல்லாமல் ஒருத்தி விழுந்திருந்தால் யார் பொறுப்பு?

அன்றைக்கு முடிவு சொல்லவில்லை. மலை ஏறுகிறபோது மேஸ்திரி, "நான் சரியாத்தானே சொன்னேன்?" என்று கேட்டார். "நொம்பச் சரியாச் சொன்னீங்க" என்றார் நர்ஸம்மா. நானும் ஆமாம் என்றேன். அவர் அப்படிச் சொல்லியிராவிட்டால் என் பேச்சை அந்த அம்மா நம்பியிருப்பாரா என்பது இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான்.

அதற்கப்புறம் காத்திருந்ததுதான் கஷ்டம். தபால்காரர் வருகிற நேரத்துக்குத் தலைச்சோலைக்காரி வாசல் பக்கமே முகம் வைத்து உட்கார்ந்திருப்பாள். வேறு எதற்கோ உட்கார்ந்திருப்பதாகச் சொல்லிக்கொள்வாள்.

காகிதம் வந்தது. மறுபடி சாப்பாட்டு அறை, மறுபடி நர்ஸம்மா. உரிமம் மறுத்த உத்தரவு ரத்து என்று இருந்தது. உடனே உரிமம் கொடு என்றும் சொல்லவில்லை. கைப்பிடி போட வேண்டும், மாத்திரை கொடுத்ததும் வாங்கிக்கொண்டவர் கைநாட்டோ கையெழுத்தோ வைக்க வேண்டும், அப்புறம் ஆபீசர் ஒரு பெண் செவிலியரையும் கூட்டிக்கொண்டு மறுபடி வந்து பார்க்க வேண்டும், அதுவரை இல்லம் நடக்கலாம் என்று எழுதியிருந்தது. தங்கியிருப்பவர்களிடம் பேசுகிறபோது பேனாவையும் நோட்டையும் வெளியே எடுக்காமல் முதலில் பேசிவிட்டு, பிறகு எழுதிக்கொள்வது நல்லது என்று ஒரு வரி இருந்தது. நர்ஸம்மா அந்த வரியை இரண்டு தரம் படித்தார். அவ்வளவு பெரிய ஆபீஸ் காகிதத்தில் என் வாய் வார்த்தை போய் உட்கார்ந்திருக்கிறது. என் ஆறு பிள்ளைகளுக்கும் போன் போட்டுச் சொன்னேன்.

மாரமங்கலத்திலிருந்து கொத்தனார் வந்து கைப்பிடி போட்டார். அதே ஆபீசர் பையன் மறுபடி வந்தார், கூட ஒரு செவிலியப் பெண். வெறும் கையோடு வந்தார். மேஸ்திரிக்கு அதைக் கண்டதும் ஒரே தைரியம். கைநடுக்கம், சக்கரை, ஆஸ்துமா, கண்ணில் புரை, குடலிறக்கம் என்று அடுக்கிக்கொண்டே போனார்.

"ஐயா, குடலிறக்கம் உங்களுக்கு இல்லீங்களே" என்றார் நர்ஸம்மா, கதவுக்கு வெளியிலிருந்து.

"இருந்தா இருக்கட்டுமுங்க, சேத்து எழுதிக்கச் சொல்லுங்க" என்றார் மேஸ்திரி.

தலைச்சோலைக்காரியிடம் அந்தச் செவிலியப் பெண் போய் உட்கார்ந்து எழுந்துவர வெகுநேரமாயிற்று. முழங்காலில் தொடங்கினாள் போல.

உரிமம் வந்துவிட்டது. அன்று தலைச்சோலைக்காரி வெந்நீர் வைத்துத் தலைக்கு ஊற்றிக்கொண்டு, வெயிலில் கூந்தலை உலர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

இன்றைக்கும் காலையில் அந்தப் பெண் வந்து என்னை அணைத்துக் கூட்டிப்போகிறாள். புதுக் கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறேன். கழுவி முடித்ததும், "நல்லாருப்ப சாமி" என்று சொல்கிறேன். முன்பு சொன்னதில்லை. சுவரைப் பார்க்கிற பழக்கம் போய்விட்டது. மருமகளுக்கும் ஒருநாள் போனில் அதையே சொன்னேன். எதற்கு அத்தை திடீரென்று என்று அவள் பயந்துபோனாள்.

போதும் கண்ணு, பேனாவ மூடி வெய்யி. எங்க, மொதல்ல இருந்து படிச்சுக் காட்டு பாக்கலாம். நான் அந்த ஆபீஸ்ல சொன்னது வர்ற எடத்துல கொரலத் தாழ்த்தாத. நல்லாச் சத்தமா படி.